ராக்காயியின் கடைசி இறக்கம்

நான் பெருமை பிடிச்சவதான். ஆமா, அதுக்கென்ன இப்ப? தூத்துக்குடி ஓடுபாதையை விட்டு எழும்பி, உப்பளமெல்லாம் வெயில்ல பளபளன்னு கீழே நகர்றதைப் பாக்கையில நெஞ்சு தானா நிமிருது, நிமிரட்டும். இந்த விமானத்தை இந்த ஊர்லயிருந்து கடைசியாக் கிளப்பின ஆள் நான், கேப்டன் ஜெசிந்தா பர்னாந்து, இதே ஊர்க்காரி. ராக்காயி இனி இங்க வரமாட்டா. ராக்காயின்னா இந்த விமானந்தான். வால் பக்கம் எழுதியிருக்கிற பதிவு எழுத்து ஆர்.கே.ன்னு முடியும், மெக்கானிக் பயலுவ அதை ராக்காயின்னு ஆக்கிட்டானுவ, அப்புறம் எல்லாருக்கும் அவ ராக்காயிதான். ரெண்டு றெக்கையிலயும் விசிறி வச்ச விமானம். ஜன்னலோரம் உக்காந்தவங்க ‘ஏய், ஃபேன் ஓடுது பாரு’ன்னு போன்ல படம் எடுப்பாங்க. எடுங்க, நல்லா எடுங்க, நாளையிலயிருந்து கிடைக்காது. வலது பக்க என்ஜின் ஒருமாதிரி முனகிக்கிட்டேதான் கிளம்பும், காலையில எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி. மழை பெய்ஞ்சா கோ-பைலட்டோட முழங்கால்ல மட்டும் ஒரு சொட்டு விழும், எத்தனையோ தடவை அடைச்சுப் பாத்தாச்சு, அந்தச் சொட்டுக்கு அந்த முழங்கால்தான் வேணும். கதவை இடுப்பால ஒரு இடி இடிச்சாத்தான் பூட்டும், இன்னைக்குக்கூட நிலோபர் அப்படித்தான் இடிச்சா, இடிச்சுட்டு அழுதா. பயணிகளைக் கவனிக்கிற பொண்ணு அவ, லிப்ஸ்டிக் கலையாம அழத் தெரிஞ்சவ. நான் அழல. எனக்கு அழுகைக்குப் பதிலா கோவந்தான் வரும், அது பிறவி.

கோவம் யார் மேலன்னு கேட்டா சொல்லத் தெரியல. பவளம் ஏர்னு எங்க கம்பெனி, சின்னதுதான், இருந்தது கொஞ்சம் விமானம், எல்லாம் இதே விசிறி ரகம். பெரிய கம்பெனி ஒண்ணு வந்து வாங்கிருச்சு. வாங்கினதுன்னு சொல்லக்கூடாதாம், இணைஞ்சிட்டோம்னு சொல்லணுமாம். ஆனை எலியோட இணைஞ்ச மாதிரி. இணைஞ்ச மறுமாசமே ஒருத்தர் வந்து திரையில படம் போட்டுக் காட்டினாரு, கம்பெனியில ஒரே ரக விமானம் இருந்தா உதிரிப்பாகம் ஒண்ணு, பயிற்சி ஒண்ணு, எல்லாம் லேசு, அதனால ஜெட் மட்டும் இருக்கும், விசிறி விமானமெல்லாம் ஓய்வு. ஓய்வுன்னா ஈசிச்சேர்ல சாஞ்சு காப்பி குடிக்கிறதுன்னு நினைச்சுராதீங்க. எங்கயோ ஒரு பாலைவனத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, என்ஜினைத் தனியா, சக்கரத்தைத் தனியா கழட்டி, யாருக்கு எது வேணுமோ குடுத்துருவாங்க. சரி, அதுகூடப் போகட்டும், இரும்புக்கும் ஒரு காலம் உண்டுல்லா. அடுத்த படத்துல எங்களைப் பத்தி இருந்தது. விசிறி விமானத்துல கேப்டனா இருந்தவங்க ஜெட்டுக்கு வரலாம், ஆனா கோ-பைலட்டா வரணும். தோள்ல இருக்கிற நாலு கோட்டுல ஒண்ணைக் கழட்டிட்டு, இடது சீட்டை விட்டு எந்திரிச்சு, வலது சீட்ல போய் உக்காரணும். எவ்வளவு நாளுக்குன்னு கேட்டோம். வரிசை வரும்போதுன்னு சொன்னாரு. அந்த வரிசையில எங்களுக்கு முன்னால அவங்க ஆளுங்க திருவிழாக் கூட்டம் மாதிரி நிக்காங்க. வரேனா வரலையான்னு இன்னைக்கு நான் சொல்லியாகணும். மெட்ராஸ்ல இறங்கினதும் கேப்டன் ராகோத்தமன் நிப்பாரு, பெரிய கம்பெனிக்கு இங்க தலைமை விமானி, மரியாதையான மனுசன், திட்டக்கூட முடியாது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மூணு கோடா, நாலு கோடா. வரேனா, வரலையா. காலையிலயிருந்து இதுவேதான் மண்டைக்குள்ள ஓடுது, விசிறி கணக்கா.

இதுல அம்மா வேற. கிளம்புறதுக்கு முன்னால போன் பண்ணினா. மூணு கோடுன்னா என்ன, நாலு கோடுன்னா என்ன, கையில வேலை இருக்குல்லான்னு ஆறுதல் சொல்லுவான்னுதான் நினைச்சேன். மத்த அம்மாக்கள் அப்படித்தான் சொல்லுவாங்க. எங்கம்மா, “ஏட்டி ஜெசி, விட்டுட்டு வந்துரு”ன்னா. “ஏறின படியிலயிருந்து இறங்கி உக்காராத. கோயில்ல பூசை முடிஞ்சு வாரப்ப எல்லாரும் கேட்பாளுவல்லா, கேப்டன் எப்படி இருக்கான்னு? நான் என்னத்தைச் சொல்லுவேன்? பாதி கேப்டன்னு சொல்லவா?” நான், “அம்மா, கோ-பைலட்டுன்னா பாதி இல்லம்மா”ன்னேன். “பின்ன என்ன, முக்காலா?”ன்னு கேட்டுட்டு வச்சிட்டா. அவ பெத்த பிள்ளைதானே நான், பெருமை வேற எங்கயிருந்து வரும். அவ சொல்றதுக்குத் தோதா மாலத்தீவுலயிருந்து வேலைக்கு ஒரு அழைப்பும் வந்திருக்கு. தீவுக்குத் தீவு ஆள் ஏத்தி இறக்குற சின்ன விமானம், பத்துப்பதினஞ்சு பேர் உக்காரலாம், வெள்ளைக்காரங்க குளிக்கப் போவாங்க, ஆனா இடது சீட்டு, நாலு கோடு, கேப்டன்னு கூப்பிடுவாங்க. போயிரலாமா? போயிரலாந்தான். கடல் நம்ம கடல் மாதிரிதான் இருக்கும், மீனும் கிடைக்கும். ஜெட்டை ஒரு நாளும் தொடாமலே இருந்துரலாம். அதுல என்ன குறைச்சல்? ஒரு குறைச்சலும் இல்ல. பின்ன ஏன் இன்னும் சரின்னு சொல்லாம இருக்கேன்? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளுல மாட்டின சேலையாட்டம் நின்னுருது, இழுத்தா கிழியும்.

கீழே காவிரி கிளை கிளையாப் பிரிஞ்சு ஓடுது. காலையில தூத்துக்குடிக்குப் போகும்போது தரணீஷ் ஓட்டினான், வரும்போது என் முறை, மாத்தி மாத்தி ஓட்டுறதுதான் எங்க வழக்கம். தரணீஷ் என் கோ-பைலட், கோயம்புத்தூர்க்காரன், எதைச் சொன்னாலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் சொல்லுவான், என்ஜின்ல தீப்பிடிச்சாலும் ‘மேடம், தீப்பிடிச்சிருச்சுங்க’ன்னுதான் சொல்லுவான்னு கேலி பண்ணியிருக்கேன். நான் சரின்னு சொல்லிட்டா நாளையிலயிருந்து ஜெட்ல அவனும் மூணு கோடு, நானும் மூணு கோடு. “இனி என்னை மேடம்னு கூப்பிட வேண்டாம், அக்கான்னு கூப்பிடு போதும்”னேன் காலையில. சிரிக்கல. “நீங்க எந்த சீட்ல இருந்தாலும் மேடந்தானுங்க”ன்னான். இந்த மாதிரி நல்ல பிள்ளைகளைக் கண்டாத்தான் எனக்கு அடிக்கணும்போல வரும். ரேடியோவுல எங்க பேரை மாத்தி ஒரு மாசமாச்சு, பவளம்னு கூப்பிடக்கூடாது, பெரிய கம்பெனி பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். இன்னைக்குத் தூத்துக்குடி டவர்ல இருந்த ஆள் முறைப்படி எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, கடைசியில “போயிட்டு வாங்க பவளம்”னு தமிழ்லயே சொன்னாரு. வாங்கன்னா எங்க வாரது? ஆனா சொன்னாரே, அது போதும். நாலாவது கோடு போட்ட அன்னைக்கு இதே ஊர்ல ஒரு அண்ணாச்சி, வேட்டி சட்டை, நெத்தி நிறைய விபூதி, படியேறி வந்து என்னைப் பாத்து “ஏம்மா, டிரைவர் எப்ப வருவாரு?”ன்னு கேட்டாரு. “வந்தாச்சு அண்ணாச்சி, நீங்க உக்காருங்க”ன்னேன். அன்னைக்கு ஆடிக் காத்து, ஓடுபாதை அப்ப குட்டை, ஜெட்டெல்லாம் வாரதுக்குப் பயந்து கிடந்த காலம், ராக்காயிதான் காத்தைக் குறுக்க வாங்கிக்கிட்டு நண்டு மாதிரி பக்கவாட்டுல நடந்து போய் இறங்குவா. அன்னைக்கு மெட்ராஸ்லயும் அதே காத்து, இறங்கினப்புறம் அந்த அண்ணாச்சி வாசல்ல நின்னு, “பூப்போல வச்சிட்டியேம்மா”ன்னாரு. அதை நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன்! ஊர்ல வெள்ளம் வந்து ரோடு ரயிலெல்லாம் அத்துப்போன சமயம், டயாலிசிஸ் நோயாளிகளை ஏத்திக்கிட்டுப் போனது இவதான், நானுந்தான். இப்ப ஓடுபாதையை நீட்டியாச்சு, ஜெட் சொகுசா வந்து இறங்கும். குட்டையா இருந்தப்ப நாங்க வேணும். போகட்டும், ஊருக்கு நல்லதுதானே, நல்லதுதான், நான் ஒண்ணும் வயிறெரியல, கொஞ்சம் எரியுது.

பாண்டிச்சேரி தாண்டியாச்சு. இடது பக்கம் கரை, வலது பக்கம் கடல், மேகம் ஒரு பொட்டு இல்ல. மெட்ராஸ்லயிருந்து சொல்லிட்டாங்க, உங்க வசதிப்படி இறங்கத் தொடங்கலாம்னு. வசதிப்படி. என் வசதிக்கு எது தோது? இந்த உயரத்துல ராக்காயி ஒரு ஆட்டம் இல்லாம நிக்கா, கையில பிடிச்சிருக்கிற கம்பு லேசா அதிருது, அந்த அதிர்வு என் உள்ளங்கைக்கு அத்துப்படி, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன் இது ராக்காயின்னு. முன்னால தள்ளினா மூக்கு இறங்கும். மூக்கு இறங்கினா அவ்வளவுதான், அதுக்கப்புறம் இவ திரும்ப இந்த உசரத்தைப் பயணிகளோட பாக்கப்போறதில்ல. “மேடம், இறங்க ஆரம்பிச்சுரலாமுங்களா?”ன்னு தரணீஷ் கேக்கான். “இரு, தொடங்கலாம்.” மாமல்லபுரம் தெரியுது, கோயில் தெரியாது, ஆனா அந்தக் கரையோட வளைவு தெரியும். ஒரு படகு. நிழலா, படகா? படகுதான். அம்மா சொன்னது சரிதானோ? நாலு கோட்டோட மாலத்தீவு போயிட்டா இப்படியே கடலைப் பாத்துக்கிட்டு. “மேடம், கொஞ்சம் உசரமா இருக்கமுங்க.” “தெரியும் தரணி.” தெரியும். தெரிஞ்சும் கை தள்ள மாட்டேங்குது. தள்ளுறேன், இந்தா தள்ளிட்டேன், மூக்கு இறங்குது, ஆனா தாமதம். அதே நேரம் பாத்து கட்டுப்பாட்டு அறையில இருக்கிற புண்ணியவான் கடைசிப் பயணந்தானேன்னு உபசாரம் பண்ணுதாரு, சுத்தி வரவேண்டாம், குறுக்க நேரா வந்துருங்கன்னு. வழி குறைஞ்சுபோச்சு, உசரம் குறையல. வேண்டாம்னு சொல்லியிருக்கணும். நன்றின்னு சொல்லிட்டேன். பெருமை.

கடல் மேல திரும்பி நகரத்தைப் பாக்க வந்தாச்சு, ஓடுபாதை முன்னால நீளமாக் கிடக்கு, ரெண்டு பக்கமும் தீயணைப்பு வண்டி சிவப்பாத் தெரியுது. கடைசி விமானம் வந்து நிக்கையில தண்ணியைப் பீச்சி வளைவு கட்டுவாங்க, அதுக்கடியில போகணும், அதுதான் எங்க உலகத்துல மரியாதை. அங்க எல்லாரும் நிக்காங்க, மெக்கானிக்குகள், பழைய பவளம் ஆளுங்க, பேனர், கேமரா, ராகோத்தமன். சக்கரம் இறக்கியாச்சு. வேகம் கூடுதல், உசரமும் கூடுதல், ஆனா இவ ராக்காயி, விசிறித் தகட்டைக் காத்துக்குத் தடுப்பாத் திருப்பிவிட்டா கல்லு கணக்கா இறங்குவா, இதைவிட மோசமான நிலைமையில இவளைக் கொண்டாந்து பூப்போல வச்சவ நான், முடியும், கண்டிப்பா முடியும், இன்னும் கொஞ்சம், வேகம் குறையுது, குறைஞ்சிரும். “ஆயிரம் அடிங்க”ன்னான் தரணீஷ். ஆயிரம் அடிக்கு வாரப்ப வேகமும் உசரமும் அதனதன் இடத்துல இருக்கணும், அதுதான் சட்டம். இல்லைன்னா பக்கத்துல இருக்கிறவன் ஒரு வார்த்தை சொல்லணும். அந்த வார்த்தையைச் சொல்லிட்டா ஓட்டுறவங்க இறங்கக்கூடாது, ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது, மேலே ஏறி ஒரு சுத்துச் சுத்தித் திரும்ப வரணும். யாருக்கு என்ன வயசு, யார் தோள்ல எத்தனை கோடு, ஒண்ணும் செல்லாது. இன்னைக்குச் சொல்லமாட்டான்னு நினைச்சேன். இத்தனை பேர் பாத்துக்கிட்டு நிக்கையில, மேடத்தோட கடைசி இறக்கத்துல. ‘ங்க’ போடாம, என் முகத்தைப் பாக்காம, கருவியை மட்டும் பாத்துக்கிட்டு அவன் சொன்னான். “நிலை சரியில்ல. கோ அரவுண்ட்.”

கை முந்திக்கிச்சு. மனசு ‘எலேய்’ன்னு கத்துறதுக்குள்ள கை முழு விசையையும் குடுத்து, மூக்கைத் தூக்கி, வாய் “கோ அரவுண்ட்”னு திருப்பிச் சொல்லி, சக்கரம் மேலே போயி, ராக்காயி உறுமிக்கிட்டு ஏறுதா. கீழே தீயணைப்பு வண்டி, பேனர், அண்ணாந்து பாக்கிற தலைகள் எல்லாம் சர்ருன்னு பின்னால போகுது. போச்சு. மானம் போச்சு. கடைசி நாளு, ஊரே பாக்க, இறங்கத் தெரியாம ஏறிப்போறா பாருன்னு. அழுகை வரும்போல இருந்தது, கோவமும் வந்தது, தரணீஷ் பக்கம் திரும்பினேன். நெத்தியில வேர்த்திருக்கு, கழுத்து நரம்பு துடிக்குது, ஆனா கை ரெண்டும் வேலையில இருக்கு, ஒண்ணொண்ணா சரிபாத்துச் சொல்லிக்கிட்டே இருக்கான். பயந்திருக்கான். பயந்துக்கிட்டே சொல்லியிருக்கான். அவன் உக்காந்திருக்கிற அந்த வலது சீட்ல நான் இருந்த காலத்துல, கேப்டன் லோபோன்னு ஒருத்தர், அவர் தொண்டையைச் செருமினாலே கோ-பைலட்டெல்லாம் நிமிருவாங்க. பெங்களூர்ல மழைக்குள்ள இறங்கையில அவர்கிட்டச் சொன்னேன் இதே வார்த்தையை. உடனே விமானத்தை மேலே ஏத்தினாரு. அன்னைக்கு முழுக்க என்கூடப் பேசல. மறுநாளு ஆபீஸ்ல போய், “இந்தப் பொண்ணுக்கு கேப்டன் பயிற்சி குடுங்க”ன்னு சொல்லியிருக்காரு. நாலாவது கோடு போட்ட அன்னைக்கு எனக்குப் பெருமையா இருந்தது, நிஜந்தான், போட்டோவெல்லாம் எடுத்தேன். ஆனா அந்த மழைக்குள்ள அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வாய் மூடின நிமிஷம் இருக்கே, பெருமைன்னா அதுதான், அப்ப என் தோள்ல மூணு கோடுதான். ஏண்டி ஜெசிந்தா, இதை எப்படிடி மறந்த? “சாரிங்க மேடம்”னான் தரணீஷ், மெதுவா. எனக்கு வந்துச்சே ஒரு ஆத்திரம். “சாரி சொன்னா இப்பவே கதவைத் திறந்து இறக்கிவிட்டுருவேன். இறங்க மனசில்லாம நாந்தான் உசரத்துல உக்காந்திருந்தேன். நீ சரியாச் சொன்ன. என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு எங்கிட்டயே சொன்னியேடா!” மைக்கை எடுத்தேன். பயணிகளுக்குச் சொல்லணும், பாவம் பயந்திருப்பாங்க. “உங்க கேப்டன் பேசுறேன். நாம கொஞ்சம் உசரமா வந்துட்டோம். என் சக விமானி தரணீஷ் வேண்டாம்னு சொன்னாரு, நான் கேட்டுக்கிட்டேன். ஒரு சுத்துச் சுத்தி ஒழுங்கா இறங்கலாம்.” அதோட நிறுத்தியிருக்கலாம், வாய் நிக்கல. “இந்த மாதிரி ஆள் பக்கத்துல இருக்கிறதுனாலதான் நாங்க உங்களை இத்தனை வருஷமா பத்திரமாக் கொண்டாந்தோம்.” உள்ளே யாரோ கை தட்டினாங்க, நிலோபராத்தான் இருக்கும்.

இந்தத் தடவை நேரத்துல இறங்கத் தொடங்கினேன், ஒரு மூச்சுகூடப் பிந்தல. கடல் மேல திரும்பினோம், ஆயிரம் அடியில “எல்லாம் சரியா இருக்குங்க”ன்னான், ‘ங்க’ திரும்பி வந்துருச்சு. ராக்காயி இறங்கினா பாருங்க, சக்கரம் தொட்டதா இல்லையான்னு எனக்கே சந்தேகம், முழங்கால்ல ஒரு சின்ன அதிர்வு வந்தப்புறந்தான் தெரிஞ்சது. தண்ணி வளைவுக்கடியில போறப்ப கண்ணாடி முழுக்க தண்ணி, வெளியே ஒண்ணும் தெரியல. நல்லவேளை, என் மூஞ்சியையும் வெளியிலயிருந்து யாரும் பாத்திருக்க முடியாது. என்ஜினை அணைச்சாச்சு. விசிறி சுத்திச் சுத்தி மெதுவா நின்னுச்சு. படியில இறங்கினா மெக்கானிக்குகள் ராக்காயி மூக்குக்கு மாலை போட ஏணி தேடிக்கிட்டிருக்கானுவ, ஒருத்தன் எனக்கும் ஒண்ணு கொண்டாந்தான், நான் அதை தரணீஷ் கழுத்துல போட்டுவிட்டேன், அவன் கூச்சத்துல நெளியுதான். ராகோத்தமன் கை குடுத்தாரு. அந்தச் சுத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல, பாத்துருக்காரு, கேக்கல. “அருமையான லேண்டிங் மேடம்”னாரு. “ரெண்டாவதுதான் சார் அருமை, முதல்ல வந்தது என் தப்பு. அதை நிறுத்தினது இவன்”னேன். தலையை ஆட்டினாரு. அப்புறம், கேக்கிறதுக்கே சங்கடப்பட்டுக்கிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாரு: “என்ன முடிவு பண்ணியிருக்கீங்க மேடம்? வலது சீட்டு உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியும். வரலைன்னு சொன்னாலும் நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்.”

அம்மா கத்துவா. கத்தட்டும், நேர்ல போய் வாங்கிக் கட்டிக்கிறேன். “வரேன் சார்”னேன். “மூணு கோட்டோட வரேன், வலது சீட்லயே உக்காருறேன். ஆனா அந்த இடது சீட்ல உக்காரப்போற உங்க கேப்டன்மாருக்கு நீங்க இப்பவே சொல்லி வச்சிருங்க. ஜெசிந்தா கோ அரவுண்ட்னு சொன்னா, அவங்க மேலே ஏறியாகணும்.”